வீடு வீடாகப் போகாமல் வறுமையை அளக்க முடியாது

கொரோனா ஊரடங்கால் பிழைப்பு இழந்தவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பது என்று 2020 ஏப்ரலில் டோகோ முடிவுசெய்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிறிய நாடு அது. எண்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் அந்த நாட்டில் அதற்கு முன் கடைசியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2010இல். யார் ஏழை என்று சொல்லும் பட்டியல் எதுவும் அரசின் கையில் அப்போது இருக்கவில்லை. வாக்காளர் பட்டியல் மட்டும் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதிபர் தேர்தல் நடந்திருந்ததால் அது புதிதாகவும் இருந்தது. அதில் ஒவ்வொருவரும் தங்கள் ஊரையும் தொழிலையும் பதிவுசெய்திருந்தார்கள். டிஜிட்டல் பொருளாதாரத் துறை அமைச்சர் சினா லாசனின் குழு அதை வைத்தே ‘நோவிசி’ என்ற திட்டத்தை அவசரமாக உருவாக்கியது. சாதாரண பட்டன் போனில் ஒரு குறுக்கெண்ணை அழுத்தி வாக்காளர் அட்டை விவரத்தைக் கொடுத்தால், தகுதி உள்ளவருக்குப் பணம் போனுக்கே வந்துவிடும். தலைநகர் லோமேயிலும் சுற்றுவட்டாரத்திலும் பெண்களுக்கு மாதம் 12,250 சிஎஃப்ஏ ஃபிராங்க், ஆண்களுக்கு 10,500. வீட்டின் சாப்பாட்டுக் கவலை பெண்கள் தலையில்தான் விழுகிறது என்பதால் அவர்களுக்குக் கூடுதல்.

நகரத்தில் தொழிலை வைத்து ஆட்களைப் பிரிக்க முடிந்தது. கிராமங்களுக்குத் திட்டத்தைக் கொண்டுபோனபோது அது பலிக்கவில்லை. அங்கே கிட்டத்தட்ட எல்லாருமே விவசாயிகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஜோஷுவா புளூமென்ஸ்டாக்கின் ஆய்வுக் குழுவும் ‘கிவ்டைரக்ட்லி’ என்ற தொண்டு நிறுவனமும் அப்போது கைகொடுத்தன. செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, நாட்டின் மிக ஏழ்மையான 100 வட்டாரங்களை முதலில் கண்டறிந்தார்கள். யார் எத்தனை அழைப்புகள் செய்கிறார்கள், எப்போது, எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்ற கைபேசி நிறுவனங்களின் பதிவுகளை அடுத்து எடுத்துக்கொண்டார்கள். நாளொன்றுக்கு 1.25 டாலருக்கும் குறைவாகச் செலவழித்து வாழ்பவர்கள் என்று இயந்திரம் யாரைக் கணித்ததோ, அவர்களுக்குப் பணம் போனது. சுமார் 1.38 லட்சம் பேர். எந்த அதிகாரியும் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தட்டவும் முடியாது.

இந்த முயற்சியைப் பற்றி 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை இரண்டு கணக்குகளைத் தருகிறது. ஏழ்மையான வட்டாரங்களில் உள்ள எல்லாருக்கும் கொடுப்பது போன்ற, அந்த நேரத்தில் அரசுக்கு இருந்த மற்ற வழிகளோடு ஒப்பிட்டால், இயந்திரத்தின் வழியில் ஏழைகள் விடுபட்டுப்போவது 4 முதல் 21 விழுக்காடு வரை குறைந்தது. நாடு முழுவதும் குடும்பம் குடும்பமாக விவரம் சேகரித்த ஒரு முழுமையான பதிவேடு இருந்திருந்தால், அதோடு ஒப்பிடும்போது விடுபடுவது 9 முதல் 35 விழுக்காடு வரை கூடியிருக்கும். முதல் கணக்கு உலகம் முழுக்கச் செய்தியானது. எனக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம். ஒன்றும் இல்லாத இடத்தில் இயந்திரம் பெரும் உதவி. மனிதர்கள் மனிதர்களிடம் கேட்டு எழுதிய கணக்கு இருக்கும் இடத்தில் அது இரண்டாம் தரம். இதைச் சொன்னவர்கள் அந்த இயந்திரத்தை உருவாக்கிய அதே ஆய்வாளர்கள்தாம்.

இருட்டுக்குள் எது ஏழை ஊர்?

வானிலிருந்து வறுமையைப் பார்க்கும் ஆசை புதிதல்ல. இரவில் பூமியின் விளக்கொளியைப் படம்பிடிக்கும் அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களின் தொகுப்பு 1992 முதல் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு நாடுகளின் பொருளாதார வளர்ச்சியை மதிப்பிடலாம் என்று ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வெயில் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2012இல் காட்டினார்கள். புள்ளிவிவரங்களை நம்ப முடியாத அரசுகளின் வளர்ச்சிக் கணக்கைச் சரிபார்க்க அது நல்ல கருவி. ஆனால், வறுமையை அளக்க உதவவில்லை. மலாவியின் கிராமப்புறத்தை இரவில் மேலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு. மூன்று வேளை சாப்பிடும் ஊரும் ஒரு வேளை சாப்பிடும் ஊரும் மின்சாரம் இல்லாவிட்டால் ஒன்றுபோலவே தெரியும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர். நீல் ஜீன், மார்ஷல் பர்க், ஸ்டெஃபானோ எர்மன் உள்ளிட்டோர் 2016 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். கட்டுரை சொல்லும் பின்னணியை முதலில் பார்க்க வேண்டும். 2000 முதல் 2010 வரையிலான காலத்தில், 39 ஆப்பிரிக்க நாடுகளில் வறுமையைக் கணிக்கத்தக்க தேசிய அளவிலான கணக்கெடுப்பு இரண்டுகூட நடக்கவில்லை. அவற்றில் 14 நாடுகளில் ஒன்றுகூட நடக்கவில்லை. கணினிக்குப் பாடம் சொல்லித்தர லட்சக்கணக்கான உதாரணங்கள் தேவை. கையில் இருந்ததோ சில நூறு கிராமங்களின் விவரங்கள்.

அவர்கள் கண்ட வழி அழகானது. பகலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, ‘இந்த இடம் இரவில் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும், சொல்’ என்று முதலில் கணினியைப் பழக்கினார்கள். இந்தப் பயிற்சிக்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. விடையைக் கண்டுபிடிக்க முயலும்போதே சாலை எது, நெருக்கமான கட்டடங்கள் எவை, நீர்நிலை எது, விளைநிலம் எது என்று யாரும் சொல்லித்தராமல் கணினி தானாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டது. பிறகு, அப்படிக் கற்றுக்கொண்ட கண்ணை, கணக்கெடுப்பு நடந்த அந்தச் சில நூறு கிராமங்களின் பக்கம் திருப்பினார்கள். நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் ஊருக்கு ஊர் உள்ள செல்வ வேறுபாட்டில் 55 முதல் 75 விழுக்காடு வரை இந்த முறையால் விளக்க முடிந்தது.

அந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு எண்ணும் உண்டு. 55-75 என்பது குடும்பங்களின் உடைமைகளைப் பற்றியது: வீடு, கூரை, சைக்கிள், வானொலி. அந்தக் குடும்பங்கள் அன்றாடம் உண்பதற்கும் உடுப்பதற்கும் செலவிடுவதைக் கணித்தபோது, நான்கு நாடுகளில் 37 முதல் 55 விழுக்காடு வேறுபாட்டைத்தான் விளக்க முடிந்தது. உடைமை வெளியே தெரியும். சாப்பாடு தெரியாது. 2024 மார்ச்சில் மலாவி அரசு கடும் வறட்சியால் நாட்டின் 28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலையை அறிவித்தது. நல்ல மழை பெய்த ஆண்டில் போட்ட தகரக் கூரை அந்த ஆண்டும் அதே இடத்தில்தான் இருந்தது. பயிர் வாடியதைச் செயற்கைக்கோள் துல்லியமாகக் காட்டும். அதில் அதற்கு நிகர் இல்லை. எந்த வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், யார் ஆட்டை விற்றார்கள், யார் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள் என்பதை அது காட்டாது.

பாடம் சொல்லித்தந்தவர் யார்?

இயந்திரம் ‘தானாகக் கற்றது’ என்று சொல்லும்போது ஒருவரை மறந்துவிடுகிறோம். அவர் வினாத்தாளையோ கையடக்கக் கணினியையோ சுமந்துகொண்டு கிராமத்துக்குள் நடந்துபோன கணக்கெடுப்பாளர். பெரும்பாலும் பெண். வளரும் நாடுகளுக்கு இயந்திரம் வரைந்த வறுமை வரைபடங்களில் பெரும்பகுதி, ‘மக்கள்தொகை, சுகாதார ஆய்வு’ என்ற திட்டத்தின் கீழ் அவர் திரட்டிய விடைகளைக் கொண்டே பழக்கப்பட்டவை. 1984இல் அமெரிக்க அரசின் உதவியோடு தொடங்கிய இந்தத் திட்டம் சுமார் 90 நாடுகளில் 400க்கும் மேற்பட்ட ஆய்வுகளை நடத்தியிருக்கிறது. நமது தேசியக் குடும்பநல ஆய்வும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தரை மண்ணா சிமெண்டா, கூரை எதனால் ஆனது, எதைக் கொண்டு சமைக்கிறீர்கள், குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, அதைப் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதிய விடைகளிலிருந்து ஒரு செல்வக் குறியீடு உருவாகிறது. அந்தக் குறியீட்டைத்தான் கணினி விடைத்தாளாக வைத்துக்கொண்டு படித்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊரின் ஆயத்தொலைவையும் வெளியிடும்போது அதை வேண்டுமென்றே தள்ளிவைத்து வெளியிடுகிறார்கள்: நகரமானால் 2 கிலோமீட்டர் வரை, கிராமமானால் 5 கிலோமீட்டர் வரை, அரிதாக 10 கிலோமீட்டர் வரை. எச்ஐவி சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களும் கணவனிடம் அடிவாங்கியதைச் சொன்னவர்களும் அந்த விடைகளுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. நம்பிப் பேசியவரைக் காப்பாற்றுவதற்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும் இந்தப் பண்பாடு, கைபேசிப் பதிவுகளையும் வீட்டுக் கூரையையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு அவசியமான பாடம்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனது சர்வதேச உதவி அமைப்பைக் கலைக்கத் தொடங்கியபோது இந்த ஆய்வுத் திட்டமும் நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் கணக்கெடுப்புகள் பாதியில் நின்றன. பின்னர் கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி தந்ததால் அவற்றில் ஒரு பகுதி உயிர்பிழைத்தது. அதே 2025 ஜூனில் உலக வங்கி தீவிர வறுமைக்கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு உயர்த்தியது. அதன் கணக்கில் உலகில் 80 கோடிக்கும் அதிகமானோர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். எண்பது கோடி என்ற எண் வீட்டுக் கணக்கெடுப்புகளிலிருந்து வந்தது. அடுத்த பத்தாண்டுக்கான எண் எங்கிருந்து வரும்? ‘செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே’ என்று நிதியமைச்சகங்கள் சொல்லத் தொடங்குவதுதான் எனக்குள்ள பெரிய பயம். ஆசிரியரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, மாணவன் படித்துவிட்டானே என்று சமாதானம் சொல்வது அது. பத்தாண்டுக்கு முந்தைய விடைத்தாளைப் படித்த கணினி பத்தாண்டுக்கு முந்தைய வறுமையைத்தான் அடையாளம் காணும். அன்று தகரக் கூரை வசதியின் அடையாளம். இன்று அது ஏழையின் வீட்டிலும் இருக்கலாம். யாராவது போய்க் கேட்டால்தான் கூரையின் பொருள் மாறியது தெரியவரும்.

இலங்கையில் எண்ணிய நிழல்கள்

மேலிருந்து என்னதான் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ள இலங்கையில் நடந்த ஆய்வு நல்ல உதாரணம். உலக வங்கிக்காக ரயன் எங்ஸ்ட்ரம், ஜொனதன் ஹெர்ஷ், டேவிட் நியூஹவுஸ் ஆகியோர் செய்து 2017இல் வெளியிட்டது. ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,291 கிராம சேவகர் பிரிவுகளை எடுத்துக்கொண்டு, மிகத் துல்லியமான படங்களிலிருந்து கட்டடங்களின் எண்ணிக்கை, நெருக்கம், கூரையின் வகை, கார்களின் எண்ணிக்கை, சாலையின் தரம், பயிர் நிலம் என்று ஒவ்வொன்றாகக் கணினியை வைத்து எண்ணினார்கள். கட்டடத்தின் உயரத்தை அறிய அது தரையில் விழுத்தும் நிழலை அளந்தார்கள். பிரிவுக்குப் பிரிவு உள்ள வறுமை வேறுபாட்டில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை இந்த அடையாளங்களே விளக்கின. ஸ்டான்ஃபோர்டு முறையில் கணினி எதைப் பார்த்து முடிவெடுத்தது என்பது உள்ளேயே மறைந்திருக்கும். இங்கே கூரை, கார், நிழல் என்று கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. தவறு என்றால் எங்கே தவறு என்று கேட்கலாம். கொள்கை வகுக்கும் வேலைக்கு நான் இந்த வகையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால், இதே கண்ணோடு மலையகத்தின் தேயிலைத் தோட்டம் ஒன்றைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வீடு மேலிருந்து ஒரே நீளமான கட்டடம். நல்ல பாதைக்கு அருகில், பச்சைப் பசேலென்ற பயிருக்கு நடுவில் இருக்கிறது. அதற்குள் ஓரறையும் ஒரு தாழ்வாரமுமாகப் பத்துக் குடும்பங்கள் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். அந்தப் பச்சை யாருடைய செல்வம், அந்தப் பாதை யாருடைய லாரிக்காகப் போட்டது என்று படம் சொல்லாது. ஒரு நிலத்தின் வளம் அதில் உழைப்பவரின் வளம் அல்ல என்பது தோட்டப் பொருளாதாரம் உள்ள எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்.

சுவருக்குள்ளே போனால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆப்பிரிக்காவின் 30 நாடுகளின் தரவை ஆராய்ந்த கெய்ட்லின் பிரவுன், மார்ட்டின் ரவாலியன், டொமினிக் வான் டி வால் ஆகியோர், எடை குறைந்த பெண்களிலும் ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மிக ஏழ்மையான 20 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று கண்டார்கள். ரவாலியன் ‘நாளுக்கு ஒரு டாலர்’ வறுமைக்கோட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். ஏழைக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டாலும் ஏழை மனிதரைக் கண்டுபிடித்ததாக ஆகாது என்பதை அவரே சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாகச் சாப்பிட உட்காரும் மருமகளையும் பிள்ளைகளின் தயவில் திண்ணையில் கிடக்கும் கிழவியையும் கூரையைப் பார்த்து எப்படி அறிவது? வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, மாமியார் தண்ணீர் எடுத்துவரப் போன நேரம் பார்த்துக் கேட்கும் கணக்கெடுப்பாளருக்கே அது பாதிதான் தெரியவருகிறது.

இயந்திரத்தின் தவறுக்கு ஒரு திசையும் உண்டு. இந்த வகைக் கணிப்புகள் எல்லாவற்றையும் நடுப்பக்கமாக இழுக்கும். மிக ஏழையான ஊரைச் சற்று வசதியானதாகவும், மிக வசதியான ஊரைச் சற்று ஏழையாகவும் காட்டும். சராசரியில் பிழை சிறிதாக இருந்தால் நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்று பழக்கப்பட்ட எந்தக் கணினியும் அப்படித்தான் நடந்துகொள்ளும். எழுபது விழுக்காடு, எழுபத்தைந்து விழுக்காடு என்ற மதிப்பெண்ணைப் பார்த்து நாம் வியந்துகொண்டிருக்கும்போது, மீதமுள்ள பிழை அடித்தட்டில் இருப்பவர்களின் தலைமேல்தான் விழுகிறது. அவர்களைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனையும் செய்தோம்?

நகரத்துக்குள்ளும் இதே கதை. நகரம் பணக்கார இடம், கிராமம் ஏழை இடம் என்ற பெரிய வேறுபாட்டைக் கணினி எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. ஒரே நகரத்துக்குள் எந்தத் தெரு ஏழ்மையானது, ஒரே வட்டாரத்துக்குள் எந்தக் கிராமம் ஏழ்மையானது என்று கேட்டால் தடுமாறுகிறது. உதவித் திட்டங்கள் கேட்பதோ இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

எங்கே பயன்படும்?

இவ்வளவு சொன்னதால் இந்தத் தொழில்நுட்பத்தை வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணக்கெடுப்பாளரால் செய்யவே முடியாத ஒன்றை அது செய்கிறது: கடந்த காலத்துக்குப் போகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன; 2008 முதல் அந்தப் படங்கள் எல்லாருக்கும் இலவசம். உகாண்டாவின் கிராமங்களுக்கு மின்கம்பி போனபோது அது மக்கள் வாழ்க்கையை உயர்த்தியதா என்ற கேள்விக்கு விடை காண, மின்சாரம் போகுமுன் ஒவ்வோர் ஊருக்கும் யாரும் போய்க் கணக்கெடுக்கவில்லை. பழைய படங்களை வைத்து ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வோர் ஊரின் நிலையையும் கணித்து, மின்சாரம் கிடைத்த ஊர்களின் உடைமைகள் கிடைக்காத ஊர்களைவிட வேகமாக உயர்ந்தன என்று 2022இல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. வேறு எந்த வழியிலும் அந்த விடை கிடைத்திருக்காது. போர் நடக்கும் இடங்கள், வெள்ளம் சூழ்ந்த இடங்கள், டோகோவைப் போல நாடே முடங்கிய நேரம் ஆகியவற்றிலும் இது தேவை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை இட்டு நிரப்பவும், அடுத்த கணக்கெடுப்புக்கு எந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் நல்லது என்று திட்டமிடவும் தேவை.

இந்தியா இதிலிருந்து என்ன கற்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2011-12இல் நடந்தது. அடுத்து 2017-18இல் நடந்த கணக்கெடுப்பின் முடிவை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி மத்திய அரசு 2019 நவம்பரில் கைவிட்டது. அதற்குப் பிறகான 2022-23 கணக்கெடுப்பின் முடிவு 2024 பிப்ரவரியில்தான் வெளியானது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள், செலவை வைத்து வறுமையை அளக்க அதிகாரபூர்வத் தரவு இல்லை. அந்த இருட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2022 ஏப்ரலில் இரண்டு ஆய்வறிக்கைகள் வந்தன. சுர்ஜித் பல்லா, கரண் பசின், அரவிந்த் விர்மானி எழுதி சர்வதேசச் செலாவணி நிதியம் வெளியிட்டது, 2019இல் இந்தியாவின் தீவிர வறுமை 0.8 விழுக்காடு என்றது. சுதீர்த்த சின்ஹா ராய், ராய் வான் டெர் வைட் எழுதி உலக வங்கி வெளியிட்டது, அதே ஆண்டில் அதே கோட்டுக்கு 10.2 விழுக்காடு என்றது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் 13 கோடி மனிதர்கள். அவர்கள் ஏழைகளா இல்லையா என்பது, எந்தப் பொருளாதார அறிஞரின் அனுமானத்தை நீங்கள் ஏற்கிறீர்கள் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது. அறிஞர்கள் திறமையானவர்கள்தாம், அதிகாரபூர்வமாகக் கேட்டு எழுதிய கணக்கு இல்லாதபோது திறமையால் இதற்குமேல் முடியாது. இந்த இடத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்திருந்தாலும் மூன்றாவது அனுமானம் ஒன்று கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

கணிப்பை வைத்து ஆளை நீக்கினால் என்னவாகும் என்பதைத் தெலங்கானா காட்டியது. ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் பல துறைகளின் தரவுகளைப் பெயர்ப் பொருத்தம் பார்த்து இணைத்து, ‘இவரிடம் கார் இருக்கிறது’, ‘இவர் தொழில் நடத்துகிறார்’ என்று முடிவுசெய்யும். பெயர் ஒன்றுபோல இருந்ததால் காரே இல்லாத குடும்பங்கள் ரேஷன் கார்டை இழந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்கும்படி 2022இல் உத்தரவு வந்தது. சரிபார்த்தபோது ஆயிரக்கணக்கானோர் உண்மையிலேயே தகுதியுள்ளவர்கள் என்று தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் அரிசியை யாரும் திருப்பித் தரவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட ஒரு காரணம் உண்டு. 1997இல் நாடே ரேஷன் அட்டைகளை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, இந்த மாநிலம் பிரிக்க மறுத்தது. அரிசி வேண்டும் என்று கேட்பவருக்கு அரிசி என்ற ஏற்பாட்டில் விடுபடும் ஏழையைத் தேட எந்தச் செயற்கைக்கோளும் வேண்டாம். ஆனால் எல்லாத் திட்டங்களும் அப்படி இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வருமானம், நிலம், கார், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் என்று வடிகட்டிகள் வைக்கப்பட்டன, சுமார் 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி முதலில் ஏற்கப்பட்டன. மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது, 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழியும் இருந்தது. எந்த அரசு எந்த இயந்திரத்தைப் பயன்படுத்தினாலும் இதற்குக் குறைவான எதையும் ஏற்கக் கூடாது. என் நிலைப்பாட்டை இதைவிட உடைத்துச் சொல்வதானால்: கணினியின் கணிப்பு ஓர் ஊரையோ ஒரு குடும்பத்தையோ பட்டியலில் சேர்க்கலாம், நீக்கும் அதிகாரம் அதற்கு ஒருநாளும் கூடாது. சேர்ப்பதில் தவறு நேர்ந்தால் அரசுக்குக் கொஞ்சம் பணம் நட்டம். நீக்குவதில் தவறு நேர்ந்தால் ஒரு வீட்டில் உலை வைக்க முடியாது. இரண்டையும் ஒரே அட்டவணையில் ‘பிழை விழுக்காடு’ என்று போட்டுக் கழித்துக் கூட்டுவது அறமாகாது.

அடுத்த வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது; அதற்கு முன்னோடியாக வீடுகளைப் பட்டியலிடும் பணி. 2011 கணக்கெடுப்புக்கு முன்னோடியாக 2010இல் நடந்த அந்தப் பணியின்போதுதான் தரை, சுவர், கூரை, விளக்கு, கழிப்பறை, சமையல் எரிபொருள், சைக்கிள், தொலைபேசி எல்லாவற்றையும் நாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். உலகில் எந்த ஆய்வகமும் விலைகொடுத்து வாங்க முடியாத விடைத்தாள் அது. இந்த முறை அந்த விவரங்களைத் தனிமனிதர் அடையாளம் தெரியாதபடி பாதுகாத்து, கிராமவாரியாகவும் வார்டுவாரியாகவும் தாமதமின்றி வெளியிட வேண்டும். நமது பல்கலைக்கழகங்களும் மாநிலப் புள்ளியியல் துறைகளும் நம்முடைய படங்களை வைத்து, நம்முடைய கூரைகளுக்குப் பொருந்தும் மாதிரிகளைத் தாங்களே உருவாக்கட்டும். ஆப்பிரிக்கக் கிராமத்தில் பழகிய கணினியை வாங்கிவந்து தர்மபுரியில் ஓட்டக் கூடாது. கணக்கெடுப்புக்குப் போகும் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நியாயமான படியும், போதிய நாட்களும், கேள்வியை அவசரமில்லாமல் கேட்பதற்கான பயிற்சியும் கொடுக்க வேண்டும். அவர்கள் தப்பாக எழுதினால் அதற்குமேல் கட்டும் எல்லாமே தப்பு. அப்படி உருவாகும் எந்த வறுமைப் பட்டியலும் அலுவலகக் கணினியில் முடிந்துவிடாமல், மே 1இலோ அக்டோபர் 2இலோ கூடும் கிராம சபைக்கு வர வேண்டும். ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சொல்லி, எதை வைத்து இந்த முடிவு என்ற காரணத்தோடு சத்தமாகப் படிக்கப்பட வேண்டும். விட்டுப்போனது யார் என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒரு பத்தி அந்தப் பட்டியலிலேயே காலியாக இருக்க வேண்டும்.